கலீசியாவின் கொலுகொவ்ஸ்கி குடியும் மொழியாட்சியும்

பேரரசுகளின் வரலாற்றைப் போர்களாலும் உடன்படிக்கைகளாலும் அளந்தறிதல் பெருவழக்கு. ஆயினும், பல மொழி பேசும் மக்களை ஒரு குடைக்கீழ் ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் வரலாற்றை அதன் மொழியாணைகளாலும் அளந்தறியலாம். பள்ளியில் எம்மொழி பயிற்றுவது, வழக்குமன்றத்தில் எம்மொழியில் தீர்ப்புரைப்பது, ஒரு மக்களின் நூலை எவ்வெழுத்தில் அச்சிடுவது என்னும் வினாக்கள் அங்கு அமைச்சரவைகளையே வீழ்த்தின. அப்பேரரசின் வடகிழக்கு மாநிலமாகிய கலீசியாவில் சிறந்து விளங்கிய கொலுகொவ்ஸ்கி என்னும் போலிஷ் உயர்குடியின் இரு தலைமுறை வரலாற்றை இந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

அக்குடியின் பெயரை எழுதுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. போலிஷ் மொழியார் அப்பெயரிலுள்ள லகரத்தின் குறுக்கே ஒரு கோடு இடுவர். முற்காலத்தில் நாவின் பின்புறம் மேலெழுந்து தடித்தொலித்த அவ்வெழுத்து, இற்றைநாளில் இதழ் குவிந்து வகரத்தை ஒத்து ஒலிக்கின்றது. ஜெர்மன் ஏடுகளோ கோடின்றி வெறும் லகரமாகவே எழுதின. வியன்னா ஆவணங்களில் வழங்கிய அவ்வடிவத்தையே நாம் மேற்கொள்கிறோம். இறுதியிலுள்ள 'ஸ்கி' பெயரடை விகுதி; ஊர்ப்பெயரோடு சேர்ந்து அவ்வூர்க்குரியார் என்னும் பொருள் தரும். பிறைமதியும் விண்மீனும் பொறித்த 'லெலிவா' என்பது இவர்தம் குடிச்சின்னம். குருதித் தொடர்பற்ற குடிகள் பலவும் ஒரே சின்னத்தைத் தாங்குதல் போலந்தின் தனி மரபாகலின், சின்னம் ஒன்றே கொண்டு உறவுமுறை காட்டுதல் பொருந்தாது.

போலந்து அரசை அண்டை வல்லரசுகள் மூன்றும் முதன்முறை கூறிட்ட 1772-ஆம் ஆண்டில் கலீசியா ஆஸ்திரியாவின் கைப்பட்டது. தம்முள் யாவரும் நிகர் என்று எண்ணியிருந்த போலிஷ் உயர்குடியார்க்குப் படிநிலைப் பட்டங்களை வழங்கித் தன்பால் ஈர்த்தது வியன்னா அரசு. நிலவுடைமையாளர் பெரும்பாலும் போலிஷ் மொழியினர், கத்தோலிக்கர். மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உழவர் பெரும்பாலும் அந்நாளில் ரூத்தேனியர் எனப்பட்ட உக்ரேனியர். கிரேக்கச் சடங்கு வழி நின்று சிரில் எழுத்தில் எழுதுவோர். இவ்வேறுபாடு பின்னர் நிகழ்ந்தவை அனைத்திற்கும் அடிப்படையாம்.

1846-இல் மேற்குக் கலீசியாவின் போலிஷ் மொழி பேசும் உழவர்களே தம் நிலக்கிழார் மீது பாய்ந்து ஏறத்தாழ ஆயிரவரைக் கொன்றனர். மொழி ஒன்றாயிருத்தல் மட்டும் மக்களை ஒன்றாக்கிவிடாது என்பதை உயர்குடியார் அன்று உணர்ந்தனர். 1848-இல் ஆளுநர் ஃபிரான்ஸ் ஸ்டாடியோன், போலிஷ் கிளர்ச்சியாளர் முந்திக்கொள்ளுமுன், உழவரின் அடிமைக் கடமைகளை நீக்கி ஆணையிட்டார். அவ்வாண்டிலேயே ரூத்தேனியர் தமக்கெனத் தலைமைப் பேரவை ஒன்று நிறுவி, கலீசியாவை இரண்டாகப் பிரித்துக் கிழக்குப் பகுதியைத் தமக்குத் தருமாறு வேண்டினர். லெம்பெர்க் பல்கலைக்கழகத்தில் ரூத்தேனிய மொழிக்குப் பேராசிரியர் பதவி ஏற்பட, யாக்கிவ் ஹொலொவாட்ஸ்கி அதனை ஏற்றார்.

இத்தகைய நாளில், 1849-இல், ஆளுநர் பொறுப்பேற்றவர் மூத்த அகெனோர் கொலுகொவ்ஸ்கி (1812-1875). அந்நகரில் முந்திய ஆண்டின் பீரங்கிப் புகை இன்னும் அடங்கவில்லை. ஜெர்மன் மொழியில் ஆணை எழுதி வியன்னாவின் கருத்தை நிறைவேற்றிய இவரைப் போலிஷ் நாட்டுப்பற்றாளர் பலர் அயலார்க்கு அடிபணிந்தவர் என்று வெறுத்தனர். அவ்வெறுப்பு முற்றும் நேரியதன்று. கலீசியாவைப் பிரிக்கும் திட்டத்தை எதிர்த்து நின்றவரும், அலுவலகங்களிற் போலிஷ் மொழியினரை ஒவ்வொருவராகப் புகுத்தியவரும் இவரே. போராட்டத்தால் பெறமுடியாததை அலுவலக வாயிலாகப் பெறலாம் என்பது இவர் நம்பிக்கை.

அந்நம்பிக்கை 1859-இல் ஓர் எல்லையைத் தொட்டது. உக்ரேனிய வரலாற்றாசிரியர் 'எழுத்துப் போர்' எனக் குறிக்கும் அந்நிகழ்ச்சியே நம் ஆராய்ச்சிக்கு நடுநாயகமானது. வியன்னாவின் கல்வித்துறை அலுவலரும் செக் நாட்டவருமான யோசெப் யிரெச்செக், ரூத்தேனிய மொழியை உரோமன் எழுத்தால் எழுதலாம் என்று முன்மொழிந்து ஜெர்மன் மொழியில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். செக் மொழி வழக்கைப் பின்பற்றி, எழுத்துகளின் மேல் குறிகள் இட்டு ஒலிகளை வேறுபடுத்துவது அவர் முறை. ஆளுநர் கொலுகொவ்ஸ்கி அதனைத் தழுவி, லெம்பெர்க்கில் ஆய்வுக்குழு ஒன்றைக் கூட்டினார்.

எழுத்து ஒலியின் குறியேயன்றி மொழியின் உயிரன்று. குறியை மாற்றினால் மொழி மாறாது. உரோமன் எழுத்துப் பயின்றால் ரூத்தேனியச் சிறுவர் மேலை நாட்டு அறிவை எளிதில் எய்துவர். இவை முன்மொழிந்தோர் கூறிய காரணங்கள். ஒலிநூல் முறையில் நோக்குவோமாயின் இவற்றைக் குற்றஞ் சொல்லுதல் அரிது. ஆனால் வியன்னாவின் உள்ளக்கிடக்கை வேறு. ரூத்தேனிய நூல்கள் சிரில் எழுத்திலேயே இருந்தால் அம்மக்கள் ரஷ்யாவின்பால் சாய்வர் என்னும் அச்சமே அங்கு மேலோங்கி நின்றது. லெம்பெர்க்கிலோ மற்றொரு நோக்கமும் சேர்ந்தது: உரோமன் எழுத்தை ஏற்றுக்கொண்ட ரூத்தேனியம் நாளடைவில் போலிஷ் மொழியின் கிளைமொழி போலத் தோற்றமளிக்கும்.

ரூத்தேனியர் இதனை அறியாதாரல்லர். போலிஷ் நெடுங்கணக்கை ரூத்தேனியத்திற்கு ஏற்றலாம் என்று 1834-இல் அவருள் ஒருவராகிய யோசிப் லொஸின்ஸ்கியே எழுத, இளங்கவிஞர் மார்க்கியான் ஷாஷ்கேவிச் 1836-இல் மறுப்புநூல் வெளியிட்டிருந்தார். ஹொலொவாட்ஸ்கி அக்கவிஞரின் தோழர். இருவரும் வாகிலெவிச் என்பாருடன் சேர்ந்து 1837-இல் வெளியிட்ட 'தினிஸ்திர் ஆற்றின் நீரணங்கு' என்னும் தொகுப்பே கலீசியாவில் மக்கள் வழக்கு மொழியில் எழுந்த முதல் இலக்கிய நூலாகப் போற்றப்படுவது. இவ்வாறு இருபதாண்டுக்கு மேலாக முதிர்ந்திருந்த உணர்ச்சியின் மேல்தான் ஆளுநரின் திட்டம் விழுந்தது. ஆய்வுக்குழு அதனை ஏற்கவில்லை; திருச்சபையாரும் ஆசிரியரும் ஒருங்கே எதிர்த்தனர்; அரசு கைவிட்டது. உழவர் நிலம் வேண்டிக் கொதித்ததைக் காட்டிலும் கற்றோர் எழுத்தின் பொருட்டுக் கொதித்தது வியன்னாவுக்கு வியப்பளித்திருத்தல் வேண்டும். தாம் வழிபடும் நூலின் எழுத்தை ஒலிக்குறி என்று மட்டும் எண்ண எம்மக்களும் ஒருப்படார் என்பதைக் கொலுகொவ்ஸ்கி போன்ற நுண்ணறிவினர் உணராமற் போனது விந்தையே.

அவ்வாண்டின் கோடையில் சொல்பெரினோப் போரில் ஆஸ்திரியா தோற்றது. பேரரசர் புதியவரைத் தேட, கொலுகொவ்ஸ்கி உள்நாட்டு அமைச்சராக வியன்னாவுக்கு அழைக்கப்பட்டார். மாநில அவைகளுக்கு உரிமை வழங்கிய 1860 அக்டோபர் 20-ஆம் நாள் பட்டயம் இவர் பெயரோடு இணைந்தது. அங்கேரியர்க்கு அது போதவில்லை. ஜெர்மானியத் தாராளக் கொள்கையினர்க்கோ அது மிகுதி. இரண்டு திங்களுள் கொலுகொவ்ஸ்கி பதவியிழந்தார்.

1866-இல் பிரஷ்யாவிடம் ஆஸ்திரியா மீண்டும் தோற்றபின் இவர் மறுபடியும் கலீசியாவின் ஆளுநரானார். 1867-இல் மாநிலக் கல்விக் குழு அமைந்தது. பள்ளிகளின் மொழி குறித்து மாநில அவை சட்டம் இயற்றியது. 1868-இல் அவ்வவை தன்னாட்சி வேண்டி நிறைவேற்றிய தீர்மானத்தால் பேரரசர் தம் கலீசியப் பயணத்தை நிறுத்த, இவர் விலகினார். எனினும் 1869-இல் அலுவலகங்களிலும் வழக்குமன்றங்களிலும் ஜெர்மனுக்கு மாற்றாகப் போலிஷ் உள்மொழியாயிற்று. 1871-இல் இவர் மூன்றாம் முறை ஆளுநராயினார். பல்கலைக்கழகத்தில் போலிஷ், ரூத்தேனிய மொழிகளில் விரிவுரையாற்றற்கிருந்த தடைகளும் அவ்வாண்டில் நீங்கின. ஏட்டளவில் இரு மொழிக்கும் ஒத்த உரிமை. நடைமுறையில் பதவிகள் போலிஷ் மொழியினரிடம் இருந்தமையின் பல்கலைக்கழகம் போலிஷ் ஆயிற்று. ஹொலொவாட்ஸ்கி அதற்குமுன், 1867-இலேயே, பணியிழந்து ரஷ்யப் பேரரசுக்குச் சென்றுவிட்டார். எந்தச் சாய்வைத் தடுக்க எழுத்துமாற்றம் வேண்டப்பட்டதோ அந்தச் சாய்வுக்கே அவ்வறிஞர் தள்ளப்பட்டார்.

பேரரசின் எல்லா இனத்தார்க்கும் மொழியுரிமை ஒன்றே என 1867-ஆம் ஆண்டின் அரசியற் சட்டம், 19-ஆம் உறுப்பில் உறுதி கூறியிருந்தது. அதனைத் துணையாகக் கொண்டே போலிஷ் மொழியினர் ஜெர்மனை விலக்கினர். அதே உறுப்பை ரூத்தேனியர் எடுத்துக்காட்டியபோது அவர் மொழி இன்னும் வளர்ச்சியுறவில்லை என்று விடையிறுத்தனர். முன்னர்ப் போலிஷ் பற்றி ஜெர்மன் அலுவலர் கூறிய விடையும் அதுவே.

மகனாகிய இளைய அகெனோர் கொலுகொவ்ஸ்கி (1849-1921) தூதுத்துறையில் வளர்ந்தவர். நெப்போலியனின் தங்கையை மணந்த மூராவின் வழித்தோன்றலை மணந்தவர். 1895 முதல் 1906 வரை ஆஸ்திரிய-அங்கேரிய வெளிநாட்டமைச்சராக இருந்தார். 1897-இல் ரஷ்யாவுடன் கண்ட உடன்பாட்டால் பால்கன் பகுதியிற் சில ஆண்டுகள் அமைதி நிலைத்தது. இவர் புகழ் அதனைச் சார்ந்தது. அதே காலத்தில் ஆஸ்திரியப் பகுதியின் முதலமைச்சரும் ஒரு கலீசியப் பிரபுவே: காசிமிர் படேனி. பொஹீமியாவில் அலுவலர் செக், ஜெர்மன் இரண்டும் அறிதல் வேண்டும் என்று 1897 ஏப்பிரலில் ஆணையிட்ட அவரை ஜெர்மானியர் கிளர்ச்சி அவ்வாண்டு நவம்பரில் வீழ்த்தியது. கொலுகொவ்ஸ்கி தப்பினார், ஆயினும் மொழி அவரையும் விடவில்லை. படையில் ஏவற்சொற்கள் ஏறத்தாழ 80. அவை ஜெர்மனில் இருந்தன. அங்கேரியர் தம் படைப்பிரிவுகளுக்கு அவற்றைத் தம் மொழியில் வேண்டினர். படை ஒன்றாகவே இருக்கும் என்று பேரரசர் 1903 செப்டம்பரில் ஆணையிட்டது கலீசியாவிலுள்ள ஹ்லோபி என்னும் சிற்றூரிலிருந்துதான். இரண்டாண்டு கழித்து அங்கேரியத் தலைவர்களோடு பேசுமாறு அவர் கொலுகொவ்ஸ்கியை ஏவ, அவர்கள் மறுத்தனர். 1906 அக்டோபரில் அங்கேரியர் பகைமையால் இவர் விலகினார்.

தந்தைக்கு லெம்பெர்க்கின் ஜெசுவித்துப் பூங்காவில் 1901-இல் சிலை எடுத்தனர். 1908-இல் ஆளுநர் அந்திரெய் பொடோட்ஸ்கியை உக்ரேனிய மாணவர் ஒருவர் சுட்டுக் கொன்றார். 1918 நவம்பரில் போலிஷ், உக்ரேனியப் படைகள் அந்நகரின் தெருக்களிற் பொருதன. இரண்டாம் உலகப்போருக்குப்பின் நகர் சோவியத்து ஆட்சிக்குட்பட, அச்சிலை அகற்றப்பட்டது.

எழுத்துப் போரின் ஆவணங்களைத் தேடித் தொகுத்து 1912-இல் வெளியிட்டவர் உக்ரேனியப் பேரறிஞர் இவான் ஃபிராங்கோ. 1895-இல் லெம்பெர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் புக அவர் முயன்றபோது மாநில ஆட்சியாளர் இசையவில்லை. இன்று லிவிவ் எனப்படும் அந்நகரில், கலீசிய மாநில அவைக்கெனக் கட்டப்பட்ட மாளிகை பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடமாக உள்ளது. பல்கலைக்கழகம் ஃபிராங்கோவின் பெயர் தாங்கியுள்ளது. கொலுகொவ்ஸ்கியின் சிலை நின்ற பூங்காவுக்கும் அவர் பெயரே. 1964-இல் எழுப்பிய அவருடைய சிலை, மாளிகையின் வாயிலை நோக்கி நிற்கின்றது.