தொங்கு மக்களவையும் குடியரசுத் தலைவரின் அழைப்பும் (1989–1999)

முன்னுரை

பொதுத்தேர்தலில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டாதபோது ஆட்சியமைக்க யாரை அழைப்பது என்பதை இந்திய அரசியலமைப்பு வரையறுத்துக் கூறவில்லை. தலைமை அமைச்சரைக் குடியரசுத் தலைவர் அமர்த்துவார் என்றும், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்றும் 75ஆம் உறுப்பு கூறுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியை மரபே நிரப்ப வேண்டியதாயிற்று. அம்மரபு 1989 முதல் 1999 வரை உருப்பெற்று மாறிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணிக்கை வரிசை

1989 நவம்பர்த் தேர்தலில் காங்கிரசு 197, ஜனதா தளம் 143, பாரதிய ஜனதா கட்சி 85 இடங்களைப் பெற்றன. குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தனிப்பெருங் கட்சியையே முதலில் நாடினார். இராஜீவ் காந்தி முன்வராமையால் வி. பி. சிங் அழைக்கப்பெற்று, டிசம்பர் 2இல் பொறுப்பேற்றார். பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து ஆதரவளித்தன. பாரதிய ஜனதா ஆதரவை விலக்கிக்கொண்டதால் 1990 நவம்பர் 7இல் அவ்வரசு வீழ்ந்தது.

1991இல் தனிப்பெருங் கட்சியின் தலைவராக நரசிம்ம ராவ் சிறுபான்மை அரசை அமைத்தார். 1996இல் 161 இடங்களைப் பெற்ற பாரதிய ஜனதாவைச் சங்கர் தயாள் சர்மா அழைத்தார். மே 16இல் பொறுப்பேற்ற வாஜ்பாய், பெரும்பான்மை திரட்ட இயலாமல் மே 28இல் வாக்கெடுப்பிற்கு முன்னரே பதவி விலகினார்.

ஆதரவுக் கடிதம்

இப்பதின்மூன்று நாள் பட்டறிவு, எண்ணிக்கை வரிசை மட்டுமே நிலையான அரசைத் தாராது என்பதைத் தெளிவுபடுத்தியது. 1998இல் கே. ஆர். நாராயணன், வாஜ்பாயை அமர்த்துவதற்கு முன் ஆதரவுக் கட்சிகளின் கடிதங்களைக் கேட்டுப் பெற்றார். தம் முடிவிற்கான காரணங்களை அறிக்கையாகவும் வெளியிட்டார். 18 உறுப்பினர்களைக் கொண்ட அ.தி.மு.க.வின் கடிதம் காலந்தாழ்ந்து கிடைத்தமையால் ஆட்சியமைப்பும் தாழ்ந்தது. ஒரு மாநிலக் கட்சியின் கையொப்பம் நடுவண் அரசின் பிறப்பையே நிறுத்திவைக்க வல்லதாயிற்று என்பது கருதத்தக்கது.

ஆயினும் அக்கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டதால், 1999 ஏப்ரல் 17இல் நம்பிக்கைத் தீர்மானம் 269க்கு 270 என ஒரே வாக்கில் தோற்றது. கடிதம் அழைப்பைப் பெற்றுத் தந்தது. அவையின் நம்பிக்கையை நிலைபெறச் செய்யவில்லை. எனினும் அம்முறை பயனற்றதன்று. அடுத்து உரிமை கோரிய காங்கிரசு போதிய ஆதரவைக் காட்ட இயலாதபோது, மற்றொரு நிலையற்ற அரசு தோன்றாமல் அதுவே தடுத்தது.

அவை என்னும் உரைகல்

பெரும்பான்மையை அவையிலேயே மெய்ப்பிக்க வேண்டும் என, மாநில அரசுகள் தொடர்பான பொம்மை வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆனால் அவ்வுரைகல்லும் மாசுபடக்கூடும். 1993 சூலையில் ராவ் அரசு 14 வாக்கு வேறுபாட்டில் நிலைத்தபோது, சில உறுப்பினர்கள் கையூட்டுப் பெற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பணம் பெற்று வாக்களித்தோர்க்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு என 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் எழுவர் அமர்வு அதனை மாற்றியது.

முடிவுரை

குடியரசுத் தலைவரின் அழைப்பு, தலைமை அமைச்சருக்கு அவையின் வாயிலைத் திறந்துவிடுவதே; அதற்கு அப்பால் அவர்க்கு அரணாகாது. ஆதரவை முன்கூட்டி அறிவது முறையே எனினும், அரசைத் தாங்குவது அவையில் விழும் வாக்கேயாகும். ஆகவே சிறுபான்மை அரசின் நிலைபேற்றை, அழைப்பு நெறியைக் காட்டிலும் அவ்வாக்கின் தூய்மையே முடிவு செய்யும் எனலாம்.