குடிகாட்டுக் கிணறும் ஒரு வாளியும்

கடலூர் ஓ.டி.யைத் தாண்டிச் சிதம்பரம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால், சிப்காட் வந்துவிட்டது என்பதைப் பெயர்ப்பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூக்கு சொல்லிவிடும். சாலையை ஒட்டி ரசாயனத் தொழிற்சாலைகள், அந்தாண்ட உப்பனாறு, நடுவில் குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி என்று ஊர்கள். 1980களில் தொழிற்பேட்டை வந்தபோது அங்கே இருந்த பிழைப்பு விவசாயமும் ஆற்று மீனும்தான்.

இந்த ஊர்களின் கிணற்றுத் தண்ணீருக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், ஒரு எளிய பதில் சொல்ல முடியாது. உப்பனாறு கடலோடு சேர்ந்தது. அலை ஏறினால் உப்பு உள்ளே வரும். ஆகவே தண்ணீர் கரிக்கிறது என்று ஊர்க்காரர் சொன்னால், 'அது கடல் உப்புங்க' என்று சொல்லித் தப்பிக்க வழியுண்டு. கடல் உப்பா, ஆலைக்கழிவா என்று பிரித்துச் சொல்ல ஒரே இடத்துத் தண்ணீரை வருஷக்கணக்காக எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். குறிப்பாக, முதல் ஆலை வருவதற்கு முன்னால். வழக்கென்று வரும்போது இல்லாமல் போவது அந்தப் பழைய கணக்குதான்.

நிலத்தடி நீரை அளக்கத் தெரியாத மாவட்டமா இது? இல்லவே இல்லை. மேற்கே நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் அடைபட்டு நிற்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கிய அழுத்தம். அதை இறைத்துக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும். 1961-ல் முதல் நிலக்கரி வெளியே வந்ததே ராட்சத பம்புகளின் தயவில்தான். அன்றிலிருந்து அங்கே கண்காணிப்புக் கிணறுகள், நீர்மட்டக் கணக்கு, நீரியல் வல்லுநர்கள். எல்லாம் பொதுப்பணம். தவறென்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரால் சுரங்கத்துக்கு ஆபத்து என்றால் அளக்கிறார்கள். தண்ணீருக்கே ஆபத்து என்றால் அதே மாவட்டத்தில் யார் அளப்பது?

குடிகாட்டுப் பக்கம் அந்த வேலையை ஊர்க்காரர்களே கையில் எடுத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் இங்கே விசாரித்து 2003-ல் அறிக்கை வெளியிட்டது. அடுத்த வருஷம் 'சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்ற குழு களத்தில் இருந்தது. அவர்களுடைய கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே ஒரு பை, ஒரு வால்வு. காற்றை இழுத்துப் பையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. 1990களில் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக, வழக்கறிஞர் எட்வர்ட் மாஸ்ரி செய்யச் சொன்ன சாதனம் இது. ('எரின் ப்ராக்கோவிச்' படம் பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரியும்.)

வாளியை விட முக்கியம் மூக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அழுகின முட்டை நாற்றமா, செத்த எலி நாற்றமா, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம், கண் எரிந்ததா என்று ஆளாளுக்கு நோட்டில் எழுதினார்கள். கூலி வேலைக்குப் போய் வந்தவர்கள் எழுதிய அந்தக் குறிப்புகள் இல்லையென்றால், எந்த நேரத்தில் எந்த இடத்தில் வாளியைத் திறப்பது என்றே தெரிந்திருக்காது.

2004-ல் வந்த முடிவுகளில் 22 நச்சு ரசாயனங்கள். அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. உச்சநீதிமன்றக் கண்காணிப்புக் குழு கடலூருக்கு வந்து பார்த்தது. அதற்குப் பிறகுதான் அரசுப் பணம் அசைந்தது: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நீரி நிறுவனம் ஆய்வு செய்தது. வழக்கத்தைவிட 2000 மடங்கு அதிகப் புற்றுநோய் அபாயம் என்று அது சொன்ன செய்தி 2008-ல் வெளியே வந்தது. ஊர் முதலில் தன் மூக்கைச் செலவழித்து நிரூபிக்கணும், அப்புறம்தான் அரசாங்கம் காசைச் செலவழிக்கும். இந்த வரிசை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

காற்றுக்காவது வாளி இருந்தது. தண்ணீருக்கு? தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2013-ல் நீக்கப்பட்டது. 2019 டிசம்பரில் மத்திய அரசு 'அடல் பூஜல் யோஜனா'வைத் தொடங்கியது: 6000 கோடி ரூபாய், பாதி உலக வங்கிக் கடன். ஊராட்சியின் கையிலேயே நீர்மட்டம் அளக்கும் கருவி, மழைமானி. அளந்ததை ஊருக்கு வெளிப்படையாக வைத்தால்தான் மாநிலத்துக்கு ஊக்கத்தொகை. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுத்த 7 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. இருந்திருந்தாலும் குடிகாட்டுக்கு எவ்வளவு உதவியிருக்கும்? நம்முடைய கணக்கெல்லாம் அளவைப் பற்றியது. ஒரு பிர்காவில் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்று பார்த்து 'பாதுகாப்பானது', 'அபாயகரமானது', 'அதிநுகர்வு' என்று முத்திரை குத்துவோம். உப்பேறிய பிர்காவுக்கு மட்டும் தனிப் பெயர் உண்டு. பாதரசமோ பென்சீனோ கலந்த கிணற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நீர்மட்டம் உயர்ந்திருந்தால் அந்தப் பிர்கா 'பாதுகாப்பான' பிர்காதான்!

ஜல் ஜீவன் திட்டம் தரத்துக்கும் வருகிறது. நிதியில் 2 சதவீதம் வரை தரக் கண்காணிப்புக்கு ஒதுக்கலாம். ஒரு கிராமத்துக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் களப்பரிசோதனைப் பெட்டியைக் கையில் கொடுக்கணும். நோட்டுப் போட்டு நாற்றம் எழுதிய ஊருக்கு இது புதுசு இல்லை. சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டால் கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, இரும்பு, நைட்ரேட் தெரியும். உரமும் சாக்கடையும் கலந்த கிணற்றைக் கண்டுபிடிக்க அது போதும். ரசாயன ஆலை பயன்படுத்தும் கரைப்பான்களைக் கண்டுபிடிக்கிற சொட்டு மருந்து அந்தப் பெட்டியில் கிடையாது. அதற்கு மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் காற்று புகாமல் அடைத்து, ஐஸில் வைத்து, வாயு நிறப்பகுப்புக் கருவி இருக்கிற ஆய்வகத்துக்குக் கொண்டுபோகணும். ஒரு தடவை போதாது. மழைக்கு முன்னால், மழைக்குப் பின்னால், அதே கிணறு, வருஷா வருஷம். அந்த ஐஸ் பெட்டிக்கும் ஆய்வகக் கட்டணத்துக்கும் எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று ஊராட்சித் தலைவர் கேட்டால், காட்டுவதற்கு ஒரு வரி இருக்கணும்.