சாக்கடையில் கைமாறும் மரபணு

மெக்கான்கி அகர் பிளேட்டில் கிளெப்சியெல்லா வளர்ந்திருந்தால் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று கிடக்கும். சென்னையில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்த எனக்கு அதன் பெயரைச் சொல்வது பெரிய காரியமல்ல. மூன்றாம் படுக்கைக்காரருக்கு வந்ததும் ஏழாம் படுக்கைக்காரருக்கு வந்ததும் ஒன்றுதானா, அது எங்கே ஒளிந்திருந்தது என்று டாக்டர் கேட்கும்போதுதான் விழிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு விடை சொல்லவே தனியாக ஒரு தொழில்நுட்பம் வளர்ந்தது. 1950களில் எந்தெந்த வைரஸ் ஒரு கிருமியைக் கொல்கிறது என்று பார்த்து வகை பிரித்தார்கள். மருத்துவமனைகளை ஆட்டிவைத்த ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு ‘80/81’ என்ற எண் விழுந்தது அப்படித்தான். 1984இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஷ்வார்ட்ஸும் கேன்டரும் நீளமான டிஎன்ஏ துண்டுகளை ஜெல்லில் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார்கள். கோடுகள் ஒத்துப்போனால் ஒரே குலம், போகாவிட்டால் வேறு குலம். கிருமி தன் சொத்தைத் தன் பிள்ளைகளுக்குத்தான் எழுதிவைக்கும் என்ற நம்பிக்கை இந்த முறைகளுக்கெல்லாம் அடியில் இருந்தது.

அந்த நம்பிக்கையை அசைத்த சம்பவங்களில் ஒன்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 2008 ஜனவரியில், இந்தியாவில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய 59 வயதுக்காரர் ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா வளர்ந்தது. கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனமும் அதனிடம் செல்லவில்லை. அதே நோயாளியின் மலத்தில் இருந்த ஈ.கோலையிடமும் அதே எதிர்ப்பு மரபணு இருந்தது. இரண்டும் வேறு வேறு இனம். பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஏறி மரபணு இனம்விட்டு இனம் தாவியிருந்தது. அந்த மரபணுதான் என்டிஎம்-1.

2010இல், தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 கிருமிகள் இடம்பெற்றன. ஹரியானாக் கிருமிகள் பெரும்பாலும் ஒரே குலம். சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவை பல குலம். பழைய கணக்குப்படி இவற்றுக்குள் உறவே இல்லை. ஆனால் எல்லாவற்றிடமும் அதே மரபணு! இந்தக் கட்டுரை இந்தியாவின் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றெல்லாம் அப்போது எழுந்த கூச்சலில் விஞ்ஞானத்தின் இந்த முக்கியமான செய்தி பலர் காதில் விழவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் டெல்லித் தெருக்களில் தண்ணீர் சேகரித்தார்கள். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் வால்ஷ் குழு 2011இல் வெளியிட்ட கணக்கு இது: தெருவில் தேங்கியும் கசிந்தும் கிடந்த நீரில் 171 மாதிரிகள், அவற்றில் 51இல் அந்த மரபணு, குழாய்த் தண்ணீரில் 50 மாதிரிகள், அவற்றில் 2இல். காலராக் கிருமிகூட அதை வாங்கி வைத்திருந்தது. பிளாஸ்மிட் அதிகமாகக் கைமாறியது 30 டிகிரி வெப்பத்தில். நம் தெருத் தண்ணீருக்கு அது சாதாரண வெப்பம். ஒப்பிட எடுத்த கார்டிஃப் கழிவுநீர் மாதிரிகள் 70இலும் அது இல்லை.

மருத்துவமனைக்குள் கிருமி போன வழியைக் காட்டியது இன்னொரு சம்பவம். 2011 ஜூனில் அமெரிக்காவின் பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிலையங்களின் மருத்துவமனைக்கு நோயாளி ஒருவர் கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லாவோடு வந்தார். அவர் வீடு திரும்பி மூன்று வாரம் கழித்து இன்னொருவரிடம் அது தெரிந்தது. மொத்தம் 18 பேருக்குப் பரவி, 11 பேர் இறந்தார்கள்; அதில் 6 மரணங்களுக்கு இந்தக் கிருமியே காரணம். இடைவெளி இருந்ததால் இது வேறு கிருமி என்று விட்டுவிட வாய்ப்பிருந்தது. முழு மரபணுத்தொகுதியையும் படித்தபோது, ஏறத்தாழ 60 லட்சம் எழுத்துகளில் மாறியிருந்தவை 41 இடங்கள்தான். யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்று அந்த மாற்றங்களை வைத்தே வரைந்தார்கள். சிங்க்கின் வடிகாலிலும், சுத்தம் செய்து வைத்திருந்த வென்டிலேட்டரிலும் கிருமி இருந்தது.

அங்கே பிடித்தது கிருமியை. மரபணுவைப் பிடிக்க, பிளாஸ்மிட்டை முழு வளையமாகப் படிக்கும் நீள்வாசிப்புக் கருவி தேவைப்பட்டது. அதே மருத்துவமனையில் 2014இல் அதைச் செய்தார்கள். 2018இல் வெளியான ஆய்வுக்காகக் குழாய்களையும் வெளியே இருக்கும் மேன்ஹோல்களையும் தோண்டித் துருவினார்கள். கைபடும் இடங்களில் எதிர்ப்பு மரபணு சொற்பம். கழிவுநீரில் பலவகைப் பிளாஸ்மிட்டுகள் ஏராளம். நோயாளிகளின் உடலிலிருந்து வெளியேறும் ஆன்டிபயாட்டிக் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது. மருந்துக்குப் பிழைக்கத் தெரிந்தவை அங்கே கூடி வாழ்கின்றன. ஆனாலும் அந்தக் குழாயிலிருந்து நோயாளிக்குத் தொற்றியது மிகக் குறைவு. சாக்கடையில் இருப்பதெல்லாம் நேராகப் படுக்கைக்கு வந்துவிடாது; எது வரும், எந்த வழியாக வரும் என்று பிரித்துச் சொல்வதில்தான் மரபணு வாசிப்பின் பயன் இருக்கிறது.

கை கழுவும் சிங்க்கிலேயே மீந்த டிரிப்பையும் டீயையும் கொட்டும் வார்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வடிகாலில் ஸ்வாப் எடுக்கலாமா என்று கேட்டால், நோயாளியைப் பார்க்கவே ஆளில்லை என்பார்கள். எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் தன்னிடம் வந்து சேராத மாதிரியைப் படிக்காது. சீக்வென்சிங் கருவிக்கு நிதி கேட்கும் மருத்துவமனை, முதலில் தன் கழிவுநீர்க் குழாய்களின் வரைபடத்தைத் தேடி எடுக்கட்டும்.