பாக்கெட் இடையகம்

வலையமைப்பு வழியே வந்த பாக்கெட்டை எடுத்துப் படிக்கும்வரையிலும், அனுப்ப வேண்டியதைக் கம்பியில் ஏற்றும்வரையிலும் வைத்திருக்கும் நினைவகப் பகுதியே பாக்கெட் இடையகம். மேசைக் கணினியில் நினைவகம் தாராளம். மின்மானி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற உட்பொதிக் கருவிகளிலோ டிரைவர் எழுதுபவரின் முதல் கவலை இதுதான்.

எஸ்டிஎம்32எஃப்107 சில்லில் ஈதர்நெட் உண்டு. ரேம் மொத்தம் 64 கிலோபைட். ஒரு முழு ஈதர்நெட் சட்டகம் 1,514 பைட். 1,536 பைட் அளவில் 16 இடையகங்களை ஒதுக்கினால் 24 கிலோபைட் போய்விடும். ஒதுக்கியும் என்ன? நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் மிகச்சிறிய சட்டகங்கள் 6.72 மைக்ரோநொடிக்கு ஒன்றாக வந்தால், 108 மைக்ரோநொடிக்குள் பதினாறும் நிறைந்துவிடும்.

இடையகங்களின் முகவரிகள் டிஸ்கிரிப்டர் என்னும் சிறு பதிவுகளில் எழுதப்பட்டு வளையமாகக் கோக்கப்படும். ஒவ்வொன்றிலும் ஓர் உரிமை பிட் உண்டு. அது 1 என்றால் இடையகம் வன்பொருளுக்குச் சொந்தம். எழுதி முடித்ததும் வன்பொருள் அதை 0 ஆக்கி டிரைவரிடம் ஒப்படைக்கும். பாக்கெட்டை மேலே அனுப்புமுன் டிரைவர் அந்த இடத்தில் புது இடையகம் ஒன்றை வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், வந்த பாக்கெட்டைக் கைவிட்டு, பழைய இடையகத்தையே வளையத்தில் திரும்ப விடுவதே சரி. தொலைந்த பாக்கெட்டை டிசிபி மறுபடி அனுப்பிக்கொள்ளும். வளையம் காலியானால் கருவிக்கு எதுவுமே வந்துசேராது.

கேஷ் உள்ள செயலிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கார்டெக்ஸ்-எம்7இல் கேஷ் வரி 32 பைட். இடையகம் அந்த எல்லையில் தொடங்கி அந்த எல்லையிலேயே முடிய வேண்டும். வேறொரு மாறி அதே வரியைப் பகிர்ந்துகொண்டால், வன்பொருள் எழுதியதைப் படிக்கக் கேஷைச் செல்லாததாக்கும்போது அந்த மாறியில் எழுதிய புது மதிப்பும் அழிந்துபோகும். பாக்கெட் நலமாக இருக்கும். சம்பந்தமே இல்லாத ஓர் எண் மாறியிருக்கும். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

4.2பிஎஸ்டி இயங்குதளம் (1983) எம்பஃப் என்ற 128 பைட் இடையகங்களைச் சங்கிலியாகக் கோத்தது. ஸ்வீடனின் ஆடம் டங்கெல்ஸ், நினைவகம் குறைந்த கருவிகளுக்காக உருவாக்கிய எல்டபிள்யூஐபி என்ற டிசிபி/ஐபி மென்பொருளில் பிபஃப் என்ற சங்கிலி அமைப்பைக் கொண்டுவந்தார். பாக்கெட்டை முடிந்தவரை நகலெடுக்காமல் அடுக்குக்கு அடுக்கு கைமாற்றுவதே இவற்றின் நோக்கம். நகலெடுப்பது நேரத்தையும் தின்னும், இடத்தையும் தின்னும்.

மலேசியாவிலும் இந்தச் சில்லுத் துறை வேரூன்றியிருக்கிறது. பினாங்கில் இன்டெல் 1972 முதல் இயங்குகிறது. கெடாவின் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. பலவகைச் சில்லுகளில் இடம்பெறும் சினாப்சிஸ் ஈதர்நெட் பகுதிக்கு லினக்சில் எஸ்டிஎம்மேக் என்ற டிரைவர் உண்டு. 2021இல் வெளியான 5.13 பதிப்பில் அதற்கு நகலெடுக்காத ஏஎஃப்-எக்ஸ்டிபி வசதியைச் சேர்த்தவர்கள் இன்டெல் மலேசியாவின் பொறியாளர்கள். இந்த முறையில் இடையகங்களை நிரப்பு வளையம் வழியே தருவது பயன்பாட்டு நிரலே. பாக்கெட் நேராக அதன் நினைவகத்தில் வந்து இறங்கும். படித்து முடித்த இடையகத்தை நிரப்பு வளையத்தில் திருப்பி வைக்கும் பொறுப்பும் அந்த நிரலையே சேரும்.