தோட்டாவில் தடவிய கொழுப்பு

இது கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன மழைக்காலத்தில் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தாங்க. 70 வயசு இருக்கும். சுத்த சைவம். சத்துக்காக எழுதிக் கொடுத்த கேப்சூலைக் கையில் வச்சுக்கிட்டு, "தம்பி, இந்த உறையை எதுல செய்றாங்க?"ன்னு கேட்டாங்க. வெளியே இன்னும் பதினஞ்சு பேர் காத்திருக்காங்க. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, தைரியமா சாப்பிடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். இந்த மாதிரி ஒரு பதில் 1857-ல் எங்கே கொண்டுபோய் விட்டதுன்னு முதல்ல பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படிச்சிருப்போம்: "பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டாவால் சிப்பாய்கள் கலகம் செய்தனர்." ஆனா தோட்டாவுக்கு எதுக்குக் கொழுப்பு? அதை யாருமே சொல்லித் தரல.

அதுக்கு முன்னாடி சிப்பாய்களிடம் இருந்த துப்பாக்கிக்கு உள்பக்கம் வழவழன்னு இருக்கும். குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னது. போட்டா உருண்டு உள்ளே போயிடும். குறிதான் தப்பும். புதுசா வந்த 1853 மாடல் என்ஃபீல்ட் அப்படி இல்லை. 0.577 அங்குலக் குழல், உள்ளே சுழன்று போகும் மூணு பள்ளம். குண்டு சுத்திக்கிட்டே போறதால தூரமும் அதிகம், குறியும் துல்லியம். ஆனா குண்டு கிட்டத்தட்ட இறுக்கமா உட்காரணும்.

இங்கேதான் சிக்கல். அந்தக் காலத்துக் கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல வாயுவா மாறாது, கரியாவும் உப்பாவும் மிஞ்சும். (வெடிக்கிறதும் மருந்து, நான் எழுதித் தர்றதும் மருந்து. தமிழுக்கு இந்த விஷயத்தில் வஞ்சனையே இல்லை.) பத்து, இருபது தடவை சுட்டா குழல், வருஷக்கணக்கா சிகரெட் பிடிச்சவரோட ரத்தக்குழாய் மாதிரி அடைச்சுக்கும். அடுத்த குண்டு வாயிலேயே நின்னுடும். அதனால தோட்டாவின் காகித உறையில், குண்டு இருக்கும் நுனியில் மசகு தடவினாங்க. அது கரியை இளக்கும், குண்டை வழுக்கி இறக்கும், ஈரத்தையும் தடுக்கும்.

சிப்பாய் செய்ய வேண்டியது இதுதான். காகிதத்தின் ஒரு முனையைப் பல்லால் கடிச்சுக் கிழிக்கணும். மருந்தைக் குழலுக்குள் கொட்டணும். தோட்டாவைத் திருப்பி, மசகு தடவிய நுனியை உள்ளே விட்டுக் கம்பியால் இடிக்கணும். கடிக்கிற முனை வேற, மசகு இருக்கிற முனை வேற. ஆனா வெயிலில் இளகிய கொழுப்பு "இந்த முனையோட நின்னுக்கறேன்"னு சொல்லுமா?

மசகுக்கு எதையெல்லாம் பயன்படுத்தலாம்? எண்ணெய் காகிதத்தில் ஊறி மருந்தைக் கெடுக்கும். நெய் நம்ம ஊர் வெயிலில் தண்ணியா ஓடும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல வேணும், ஆனா தனியாத் தடவினா விறைப்பா நிக்கும். மிருகக் கொழுப்பு மலிவு, இரண்டுக்கும் நடுவில். அதனால இங்கிலாந்தில் கொழுப்பையும் மெழுகையும் கலந்தாங்க. பொறியாளர் கண்ணோட்டத்தில் நல்ல தேர்வுதான். வாயில் வைக்கப் போறவன் யாருன்னு மட்டும் யோசிக்கல.

யாருமே யோசிக்கலன்னும் சொல்ல முடியாது. 1853-லேயே, இந்திய வெயிலில் மசகு தாங்குதான்னு பார்க்கக் கொஞ்சம் தோட்டாக்கள் இங்கே அனுப்பப்பட்டன. அப்போ வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் கர்னல் டக்கர், டிசம்பரில் மேலிடத்துக்கு எழுதினார்: இந்த மசகு சாதி நம்பிக்கையைப் புண்படுத்தாததுன்னு உறுதியாத் தெரியாதவரை, சோதனைக்குக்கூட இந்தியச் சிப்பாய்களிடம் கொடுக்காதீங்க. கடிதம் ஃபைலுக்குள் போச்சு. சோதனை நடந்தது. வெயிலுக்கு மசகு தாங்குதான்னு குறிச்சுக்கிட்டாங்க.

பாடம் ஏற்கெனவே நம்ம வேலூரில் நடந்து 47 வருஷம் ஆகியிருந்தது. 1806 ஜூலை 10. தோல் பட்டை வச்ச புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாதுன்னு உத்தரவு, ஒரே ராத்திரியில் கோட்டைக்குள் ரத்தம். தோல் எந்த மிருகத்தோடதுன்ற அதே கேள்விதான் அங்கேயும் இருந்தது.

1857 ஜனவரி. கல்கத்தா பக்கத்தில் டம்டம், புதுத் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் இடம். ஒரு தொழிலாளி, பிராமணச் சிப்பாயிடம் குடிக்கச் செம்பு கேட்கிறார். சாதியைச் சொல்லிச் சிப்பாய் மறுக்கிறார். "கொஞ்ச நாள்ல பசு, பன்றிக் கொழுப்பைக் கடிக்கப் போறே, அப்போ உன் சாதி எங்கே போகும்?"னு பதில் வருது. செய்தி முகாம் முகாமாப் பரவிடுச்சு.

அரசு விசாரிச்சது. கொழுப்பு ஒப்பந்தக்காரர் மூலம் வந்தது. எந்த மிருகம்னு யாருமே பார்க்கலன்னு தெரிஞ்சது. மாட்டுக் கொழுப்பு இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பன்றிக்கு உறுதியான சான்று கிடையாது. எனக்குக் கோபம் வர்றது அந்தக் கொழுப்பு மேல இல்லை. கேட்டவனுக்குச் சொல்றதுக்குக் கம்பெனியிடமே பதில் இல்லாம இருந்தது பாருங்க, அந்தக் கொழுப்பு மேலதான்.

அப்புறம் அவசர அவசரமா வைத்தியம். ஜனவரி கடைசியில், மசகு இல்லாத தோட்டாவைத் தர்றோம், பிடிச்சதை நீங்களே தடவிக்கோங்கன்னு உத்தரவு. ஆனா, திடீர்னு மாத்தினா சந்தேகம் கூடும், ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்குன்னு படைத் தலைமையிலிருந்து பதில். மார்ச்சில், பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம்னு பயிற்சியையே மாத்தினாங்க. நியாயமான சலுகைகள்தான். ஆனா "ஒண்ணுமில்லேன்னா ஏன் மாத்தறாங்க?"ன்னு சிப்பாய் நினைச்சா தப்பா?

சந்தேகம் இப்போ மசகை விட்டுக் காகிதத்துக்குத் தாவிடுச்சு. காகிதம் பளபளன்னு இருக்கு, கொழுப்பு ஊறியிருக்குன்னு பேச்சு. கல்கத்தாவில் ரசாயனப் பரிசோதகரிடம் கொடுத்துப் பார்த்தாங்க. கொழுப்பு இல்லைன்னு ரிப்போர்ட். லேப் ரிப்போர்ட்டைக் காட்டியும் நம்பாத நோயாளியைப் பார்த்த எந்த டாக்டருக்கும் அடுத்து என்ன நடந்திருக்கும்னு புரியும். பிப்ரவரி 26, பெர்ஹாம்பூரில் 19-வது படைப்பிரிவு தோட்டா வாங்க மறுத்தது. மார்ச் 29, பாரக்பூரில் மங்கள் பாண்டே.

ஏப்ரல் 24, மீரட். மூணாவது குதிரைப்படையில் 90 பேரை நிறுத்தித் தோட்டாவை நீட்டினாங்க. 85 பேர் தொடவே இல்லை. கவனிங்க, அன்னிக்கு நீட்டியது மசகே தடவாத பழைய தோட்டா. மே 9-ம் தேதி எல்லாப் படை முன்னாலயும் அவங்களுக்கு விலங்கு பூட்டினாங்க. மறுநாள் சாயங்காலம் மீரட் எரிஞ்சது.

அவத் ராஜ்ஜியத்தை விழுங்கினது, கடல் தாண்டிப் போகச் சொன்ன சட்டம்னு கோபத்துக்கு வேற காரணங்களும் நிறைய. மசகு மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனா கொழுப்பே இல்லாத தோட்டாவை 85 பேர் மறுத்ததைப் படிச்சப்போதான் எனக்கு அந்த அம்மா ஞாபகம் வந்தாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு வந்தாங்க. பிரஷர் 190/110. அந்தக் கேப்சூல் உறை ஜெலட்டின், மாட்டுத் தோல் எலும்பிலிருந்தும் எடுப்பாங்கன்னு பேரன் ஃபோனில் பார்த்துச் சொல்லியிருக்கான். கேப்சூலோட சேர்த்து, நான் கொடுத்த பிரஷர் மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. அந்த மாத்திரையில் ஜெலட்டினே கிடையாது. "அதுல இல்லம்மா"ன்னேன். "அன்னிக்கும் இப்படித்தானே தம்பி சொன்னீங்க"ன்னாங்க.

மன்னிப்புக் கேட்டேன். தாவர உறை போட்ட கேப்சூல் இருக்கு, அதை எழுதினேன். பிரஷர் மாத்திரை அட்டையை வாங்கி, தெரிஞ்ச வரைக்கும் ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டினேன். இருபது நிமிஷம் ஆச்சு. வெளியே கூட்டம் சத்தம் போட்டது. அடுத்த வாரம் வந்து பிரஷர் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.