டிரெய்லரும் அதை இழுத்த வண்டியும்

அமெரிக்கக் குடும்பங்களின் பயண டிரெய்லரை எவ்வகை வண்டி இழுப்பது என்பதைப் பொறியியலோடு சட்டமும் தீர்மானித்திருக்கிறது.

1936-இல் வாலி பயம் வெளியிட்ட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் அலுமினியத் தகடுகளால் ஆனது. எடையும் காற்றின் தடையும் குறைந்ததால் சாதாரணக் காரே அதனை இழுத்தது. போருக்குப் பின் அப்பணியை ஸ்டேஷன் வேகன் ஏற்றது: கனத்த அடிச்சட்டம், வி-8 எஞ்சின், பின்சக்கர இயக்கம். வாரநாளில் கடைக்குச் சென்ற வண்டியே கோடை விடுமுறையில் டிரெய்லரையும் இழுத்தது.

1973-இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றப்பட்டது. கார்கள் இளைத்தன, பல முன்சக்கர இயக்கத்திற்கு மாறின. இலகுரக டிரக்குகளுக்கான வரையறையோ தளர்வாக இருந்தது. டிரெய்லர் வைத்திருந்த குடும்பங்கள் பிக்கப்பையும் சபர்பனையும் நாடின.

மாறாத விதி ஒன்றுண்டு. டிரெய்லர் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின்மீது அழுந்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் அலையும். மிகுந்தால் முன்சக்கரங்களின் பிடி தளரும். 2,000 கிலோ டிரெய்லருக்கு இது 200 முதல் 300 கிலோ. பிள்ளைகளும் பெட்டிகளும் ஏறும் அதே சுமைக் கணக்கில்தான் இதுவும் சேரும். எஞ்சினின் வலிமையை மட்டும் நோக்கி வண்டி தேர்வோர் இன்றும் தவறவிடுவது இக்கணக்கையே.