கப்பல் வராத கோட்டை

தரங்கம்பாடிக் கோட்டையில் பேய் உண்டு என்று எங்கள் அப்பாயி அடித்துச் சொல்லும். உச்சிப்பொழுதிலும் விளக்கு வைத்த பிறகும் அந்தப் பக்கம் போகக் கூடாது. தொப்பி போட்ட துரை ஒருவன் கடலைப் பார்த்த மதிலில் நடந்துகொண்டே இருப்பான். அவனுக்கு வர வேண்டிய கப்பல் வரவில்லை, அதனால் போக்கிடம் இல்லை. பொறையாரில் வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு மேல் பயம் காட்ட வேண்டியதில்லை. பிற்பாடு டேனிஷ்காரர்களின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கப்பல் வராத துரை ஒருவன் அந்தக் கோட்டையில் உண்மையிலேயே இருந்திருக்கிறான். அவன் பெயர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே.

டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616-இல் தொடங்கியது. முன்னே வந்த அவர்களின் கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் அடித்து நொறுக்கினார்கள். தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே தஞ்சைக்குப் போய் ரகுநாத நாயக்கரிடம் அடைக்கலம் கேட்டார். 1620 நவம்பரில் டேனிஷ் கடற்படைத் தளபதி ஓவே ஜெட்டேயுடன் ஒப்பந்தம் முடிந்தது. நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின்படி தரங்கம்பாடியில் எழுந்ததுதான் இந்த டான்ஸ்போர்க் கோட்டை.

வியாபாரம் ஓடவில்லை. கப்பல்கள் கடலில் போயின, வந்தவர்கள் காய்ச்சலில் போனார்கள். 1648-இல் கோட்டைக்குள்ளேயே கலகம் வெடித்துத் தலைவரைத் துரத்தினார்கள். அதே ஆண்டு மன்னர் கிறிஸ்டியனும் இறந்தார். 1650-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராகக் குறைந்து, 1655-இல் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரன் கோங்ஸ்பாக்கே. எழுதப் படிக்கத் தெரியாத சாமானியன்.

சம்பளம் தர ஆளில்லை, கட்டளையிட ஆளில்லை, திரும்பிப் போகக் கப்பல் இல்லை. ஆனாலும் அவன் கொடியை இறக்கவில்லை. கப்பம் வரவில்லை என்று தஞ்சை நாயக்கர் படை முற்றுகையிட்டது, ஒரு முறையோடு நிற்கவும் இல்லை. வங்கக் கடலில் போன கப்பல்களை மறித்துப் பிடித்து, சரக்கை விற்று, அந்தக் காசில் கோட்டையைச் செப்பனிட்டு, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினான். கடைசியில் நாயக்கரோடு சமாதானமும் பேசிக்கொண்டான். இதை வெறும் வீரம் என்று என்னால் எழுத முடியாது. சரக்கைப் பறிகொடுத்த வணிகனுக்கு அவன் கொள்ளைக்காரன்தான். அதோடு, ஒற்றை ஆள் எத்தனை வாசலைக் காக்க முடியும்? இரவுக் காவல் நின்றதும், மதிலுக்குக் கல் சுமந்ததும், சுண்ணாம்பு குழைத்ததும் இந்தக் கரையின் சனங்கள். அவர்கள் இல்லாமல் அவன் கதை ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

கோட்டைக்குப் போனால் நான் கீழ்த்தளத்து அறைகளில்தான் அதிக நேரம் நிற்பேன். கிடங்கும் சமையலறையும் சிறையும் இருந்த தளம் அது. வளைந்த கூரை தாழ்ந்து தலைக்கு மேல் வரும். உப்புக் காற்றில் பூத்த காரை, கையை வைத்தால் மாவாக உதிரும். அடியில் ஈரமான செங்கல் தெரியும். அலையின் சத்தம் சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அங்கே நிற்கும்போது 1660-கள் எனக்கு வெகு பக்கத்தில் வந்துவிடுகின்றன. அடுப்பு மூட்டுகிறவரோடு அவன் என்ன மொழியில் பேசியிருப்பான்? அந்நாளில் இந்தக் கரை முழுக்க ஐரோப்பியரோடு பேசப் போர்த்துக்கீசியம்தான் பொதுமொழி. தமிழும் கொஞ்சம் தொற்றியிருக்கும். தன் மொழியில் பதில் சொல்ல ஒருவர்கூட இல்லாமல் பதினான்கு ஆண்டு!

வேறு நாட்டுக் கப்பல்கள் மூலம் செய்தி மட்டும் டென்மார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது. 1669 மே மாதம் ஃபேரோ என்ற போர்க்கப்பல் வந்தது. கோட்டை விழுந்திருக்கும் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது, ஆனால் கொடி பறந்துகொண்டிருந்தது. கப்பலின் தளபதி அடலர் கொண்டுவந்தது அவனையே தலைவனாக உறுதிசெய்யும் பத்திரம். அதையும் யாராவது படித்துக் காட்டித்தான் அவன் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு அந்தக் கட்டடம் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டது. 1706-இல் வந்த மதபோதகர் சீகன்பால்குவை ஆளுநர் ஏறக்குறைய நான்கு மாதம் இங்கே சிறை வைத்தார். 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை பிறகு அதிகாரிகள் தங்கும் பங்களாவாகி, 1970-களின் கடைசியில் அருங்காட்சியகமானது. ஊர் மதில் பெரும்பாலும் போய்விட்டது. அதன் மேற்கு வாசலை 1792-இல் திரும்பக் கட்டினார்கள். வெள்ளையடித்த அந்த வாசல் வழியாகத்தான் இன்றும் ராஜ வீதிக்குள் போகிறோம்.